கைப்பையா, பெட்டியா? வெளிநாட்டுப் பயணக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி சிங்கப்பூர், கால்வாசி துபாய். திருச்சியில் ஏறினால் நேரே இறக்கிவிடுகிறார்கள், அப்புறம் ஏன் கேட்கமாட்டார்கள்! எல்லாவற்றுக்கும் இடமில்லை, ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வெளிநாடு போகிறேன். சார்ஜருக்கு எந்த பிளக் வாங்க வேண்டும்?
– வாசகர், பட்டுக்கோட்டை

எந்த நாடு? வெளிநாடு என்று தனியாக ஒரு நாடு கிடையாது. நாட்டின் பெயரை எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள் என்று மாதாமாதம் சொல்கிறேன்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய், கத்தார், லண்டன் என்றால் மூன்று சதுரக் கால் உள்ள அடாப்டர். ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் நம் ஃபோன் சார்ஜரின் இரண்டு உருண்டைக் கால் அப்படியே நுழையும். அமெரிக்கா, ஜப்பானுக்குத் தட்டைக் கால். ஆஸ்திரேலியாவுக்குத் தட்டைக் காலே, ஆனால் சாய்ந்திருக்கும். ஊரில் எலக்ட்ரிகல் கடையிலேயே வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் பல மடங்கு விலை. அடாப்டர் ஒன்று போதும். கூடவே நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்துப் போனால் வீட்டில் நாலு பேர் ஃபோனும் சார்ஜ் ஆகும்.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு மிக்ஸி கொண்டுபோகலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

வேண்டாம் அம்மா. அங்கே 120 வோல்ட். நம் மிக்ஸி முனகும், அரைக்காது. அந்த ஊர் மின்சாரத்துக்கென்றே செய்த நம் ஊர் மிக்ஸி அங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கிறது.

பவர் பேங்க் கனமாக இருக்கிறது. பெட்டியில் போட்டுவிடலாமா?
– வாசகர், மன்னார்குடி

கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான். 20,000 எம்.ஏ.ஹெச். வரை கவலையில்லை, 27,000 தாண்டினால் விமான நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டும். மேலே அச்சிட்ட எண் அழிந்திருந்தால் பிடுங்கி வைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. 2025 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் போன்றவை விமானத்துக்குள் அதில் சார்ஜ் போடவே தடை விதித்திருக்கின்றன. கையில் இருக்கலாம், வேலை செய்யக் கூடாது.

அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர், தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. மூன்று மாதம் சிங்கப்பூரில் தங்குவார். டப்பாவில் பிரித்துப் போட்டுக் கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

டப்பா அங்கே போய்ச் சேர்ந்த பிறகு. போகும்போது மாத்திரை அட்டையை அட்டையாகவே கொண்டுபோக வேண்டும், பெயர் தெரியும்படி. மூன்று மாதத்துக்கும் எழுதிய மருந்துச் சீட்டு வேண்டும். அதில் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் இருக்கட்டும். இங்கே விற்கும் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. இன்சுலின் இருந்தால் கைப்பையில். சரக்கு அறையின் குளிரில் உறைந்துபோனால் அது பயன்படாது.

தூக்க மாத்திரை தனி விஷயம். அதையும் கோடீன் கலந்த இருமல் மருந்தையும் சிங்கப்பூர், அமீரகம் இரண்டும் கட்டுப்பாட்டில் வைத்திருக்கின்றன. எந்த மாத்திரைக்கு முன்அனுமதி வேண்டும் என்று அந்தந்த நாட்டுச் சுகாதாரத் துறை இணையதளத்தில் பார்த்து, டிக்கெட் போட்ட கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்த வாரம் துபாய் போகிறேன். தெருவில் நாலைந்து பேர் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிப் பார்சல் தந்திருக்கிறார்கள். எல்லாம் டேப் ஒட்டியே வந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் தப்பாக நினைப்பார்களா?
– வாசகர், அதிராம்பட்டினம்

நினைக்கட்டும். நன்றாக நினைக்கட்டும்.

கவுண்டரில் "பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? யாராவது எதையாவது கொடுத்தனுப்பினார்களா?" என்று கேட்பார்கள். "நானேதான்" என்று தலையாட்டுவீர்கள். அந்த நொடியிலிருந்து உள்ளே இருப்பது எல்லாம் உங்கள் சாமான். எதிர்வீட்டு அத்தாச்சியின் சாமான் அல்ல.

கெட்ட எண்ணத்தோடு யாரும் கொடுக்க வேண்டியதே இல்லை. பிள்ளைக்குக் குருமா பிடிக்கும் என்று அம்மா ஆசையாக வறுத்து அரைத்த பொடியில் இரண்டு கரண்டி கசகசா விழுந்திருக்கும். நம் ஊரில் அது மளிகைச் சாமான். அமீரகத்தில் தடைசெய்த பொருள், சிங்கப்பூரிலும் அப்படியே. அபின் செடியின் விதை அது. அந்த ஊர்ச் சட்டம் குருமாவைப் பார்ப்பதில்லை. இன்னொருவர் மூட்டுவலி மாத்திரையை உறையில்லாமல் காகிதத்தில் மடித்துத் தருவார். வேறொருவர் லேகியம் தருவார்; அதில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது.

சிங்கப்பூர்ச் சட்டம் இன்னும் கறார். உங்கள் கையில் இருக்கும் பொட்டலத்துக்குள் போதைப்பொருள் இருந்தால், அது உங்களுடையது என்றே எடுத்துக்கொண்டு வழக்கைத் தொடங்குவார்கள். தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஹெராயின் 15 கிராமுக்கு மேல், கஞ்சா 500 கிராமுக்கு மேல் கடத்தினால் அங்கே மரண தண்டனை. ஊர்ப் பழக்கத்துக்காக இந்த விளையாட்டு வேண்டாம்.

என்ன செய்யலாம்? பார்சலாக வாங்காதீர்கள். "சாமானைத் தனித்தனியாகக் கொண்டுவாங்க, நானே கட்டிக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பார்த்து, கொடுத்தவர் பெயர், ஃபோன் நம்பர், உள்ளே இருப்பது என்ன என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். வீட்டுப் பொடி எதுவும் வேண்டாம், கடைப் பாக்கெட் மட்டும். மாத்திரைக்குச் சீட்டு இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எடையும் இருக்கிறது. திருச்சி விமான நிலையத்தில் தரையில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து போட்டு, முறுக்கு டின்னை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பாருங்கள். பாதிப் பேர் சொந்தச் சட்டையை வெளியே எடுத்துவிட்டு, அடுத்த வீட்டு அல்வாவை உள்ளே வைத்துக்கொண்டிருப்பார்கள். முந்நூறு, நானூறு ரூபாய்க்குத் தொங்கும் தராசு ஒன்று கிடைக்கிறது. அதை வாங்கி, பார்சல் கொடுக்க வருபவர்கள் கண்ணில் படும்படி வாசலில் மாட்டி வையுங்கள்.

மாமனாருக்கு வெற்றிலை இல்லாமல் முடியாது. துபாய்க்கு ஒரு கவுளி எடுத்துப் போகலாமா?
– வாசகர், கும்பகோணம்

முடியாது. அமீரகத்தின் தடைப் பட்டியலில் வெற்றிலையும் இருக்கிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் அங்கே செல்லாது. சிங்கப்பூரிலோ வெற்றிலையோடு போட்டு மெல்லும் புகையிலைக்குத் தடை.

சுவாமிமலையில் ஒரு சாண் உயரப் பிள்ளையார் விக்கிரகம் வாங்கியிருக்கிறோம், பரிசு கொடுக்க. பில் போதுமா?
– வாசகி, பாபநாசம்

பில் மட்டும் போதாது. 1972ஆம் வருடச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை நாட்டை விட்டுப் போக முடியாது. உங்களுடையது போன மாதம் வார்த்தது என்பது சுங்க அதிகாரிக்கு எப்படித் தெரியும்? புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும் பழைய சிலையும் உண்டு, பழசு போலக் கறுக்க வைத்த புதுச் சிலையும் உண்டு. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியா வரை போய் 2014இல் திரும்பி வந்த கதைக்குப் பிறகு, நம் பக்கத்து வெண்கலம் என்றாலே இரண்டு முறை பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும்.

தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறை தருகிறது. சிலையின் படம், உயரம், எடை, ஸ்தபதியோ பூம்புகார் கடையோ கொடுத்த பில், இவற்றோடு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சிலை பெட்டியில் போகட்டும். கனமான உலோகத்தைக் கைப்பையில் விடமாட்டேன் என்று சொல்லவும் கூடும். சான்றிதழும் பில்லும் கைப்பையில்.

நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம். கற்பூரம், கொப்பரை, பச்சரிசி, கறிவேப்பிலை…
– வாசகி, திருவாரூர்

நாலும் வேண்டாம். கற்பூரம் தீப்பிடிக்கும் பொருள், கைப்பையிலும் பெட்டியிலும் கூடாது. கொப்பரையும் எண்ணெய்க்காகவே தடை. அரிசியில் வண்டு வருகிறது என்று நம் நாட்டு அரிசியைப் பயணிகள் பெட்டியில் அமெரிக்கா விடுவதில்லை. கறிவேப்பிலையில் ஒட்டி வரும் பூச்சி அவர்களுடைய ஆரஞ்சு மரங்களுக்கு நோயைக் கொண்டுபோகும். எடிசன் நகர இந்தியக் கடைகளில் எல்லாம் கிடைக்கும், மகனை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். காபிப் பொடி, விபூதி, குங்குமம் தாராளமாக எடுத்துப் போகலாம், பெட்டியில். தின்பண்டம் எது இருந்தாலும் இருக்கிறது என்று அங்கே சொல்லிவிடுங்கள். சொன்னால் செலவில்லை, மறைத்தால் முதல் தடவைக்கே 1,000 டாலர் வரை அபராதம் வரலாம்.

ஐரோப்பா டூர் போகிறோம். கேட்கவே சங்கடமாக இருக்கிறது, அங்கே பாத்ரூமில்…
– பெயர் வேண்டாம், நாகப்பட்டினம்

சங்கடமே வேண்டாம், தண்ணீர் இருக்காது. காகிதம்தான். மூடியில் துளை போட்ட அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று போதும்.

சிங்கப்பூர் அரைவல் கார்டுக்கு 1,500 ரூபாய் கேட்கிறார்கள். சரியான விலையா?
– வாசகர், நன்னிலம்

விலையே கிடையாது. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், அந்த நாட்டுக் குடியேற்றத் துறை இணையதளத்தில் இலவசமாக நிரப்பலாம். மலேசியாவுக்கும் இலவசம்தான். நிரப்பத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனிடம் கொடுங்கள்.

எல்லாரும் மறக்கும் ஒரு சாமான் எது?
– வாசகர், சீர்காழி

பேனா. அதோடு, போய்த் தங்கும் வீட்டின் முகவரியும் ஃபோன் நம்பரும் ஆங்கிலத்தில் எழுதிய துண்டுக் காகிதம், சட்டைப் பையில். ஃபோனில் இருக்கிறது என்பீர்கள். இறங்கியதும் சார்ஜும் இருக்காது, சிக்னலும் இருக்காது.

மாவடு கைப்பையில் போகுமா?
– வாசகி, வலங்கைமான்

உப்புத் தண்ணீர் இருக்கிறதே, அது திரவக் கணக்கு. 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். பெட்டியில் வையுங்கள். தண்ணீரை முடிந்த அளவு வடித்துவிட்டு, பாட்டிலில் முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். வாயில் பாலித்தீன் தாளை இரண்டாக மடித்துப் போட்டு, அதன் மேல் மூடியைத் திருகுங்கள். மூடியைச் சுற்றி டேப். பாட்டிலை நிமிர்த்தி ஒரு கவர், கவிழ்த்து இன்னொரு கவர். பிறகு பழைய துண்டில் சுற்றிப் பெட்டியின் நடுவில். பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.