பெர்லின் டிஃபென்ஸ் ஆடினாலே 14 மூவில் டிராதானா?

சதுரங்கத்தில் கறுப்பு ஆடும் ஒரு தொடக்க முறைதான் பெர்லின் டிஃபென்ஸ். அதில் வரும் அந்த 14 மூவ் டிராவை நானே ஆடியிருக்கிறேன். கொஞ்சம் கூச்சத்தோடுதான் இந்தப் பதில்.

ஒரு ரேட்டிங் போட்டியின் கடைசிச் சுற்று. அரைப் புள்ளி கிடைத்தால் எனக்கும் பரிசு, எதிரில் இருந்தவருக்கும் பரிசு. 30 மூவுக்கு முன் டிரா கேட்கக் கூடாது என்று நடுவர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் பலகையில் ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டால் விதிப்படியே டிரா கோரலாம், அந்தத் தடை செல்லாது. பெர்லினில் அதற்குத் தோதான வழி ஒன்று உண்டு. வெள்ளை ராணி டி4, இ4 கட்டங்களுக்கு மாறி மாறிப் போகும். கறுப்பு ராணி டி6, இ6 என்று எதிரே வந்து நிற்கும். பேசி வைத்துக்கொண்டதல்ல, பேசவேண்டிய அவசியமும் இல்லை. கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டோம். மூவ்களை எழுதிய ஸ்கோர்ஷீட்டைப் பார்த்தார், எங்களை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அதற்குக் காரணம் புள்ளிப் பட்டியல். பெர்லின் என்ன செய்யும்? 2000இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கிராம்னிக் இதை வைத்து அப்போதைய சாம்பியன் காஸ்பரோவைக் கட்டிப்போட்டதிலிருந்து, டிராவுக்கான ஆட்டம் என்ற இந்தக் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, இன்னொரு பெர்லின் டிராவைப் பாருங்கள். 2013 நவம்பர் 13, சென்னை, உலக சாம்பியன்ஷிப்பின் 4ஆவது ஆட்டம். ஆனந்த் வெள்ளை, கார்ல்சன் கறுப்பு. 5ஆவது மூவ் வரை என் ஆட்டமும் அதுவும் ஒன்றே! 6ஆவதில் நான் சிப்பாயால் இ5ஐ வெட்டினேன். ஆனந்த் மந்திரியால் (பிஷப்) சி6 குதிரையை வெட்டினார். 8ஆவது மூவில் இரண்டு ராணிகளும் போய்விட்டன, கறுப்பு ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்தும் கேஸ்லிங் வாய்ப்பும் போனது. தூக்கம் வரும் என்று நினைத்தேன். 18ஆவது மூவில் கார்ல்சன் மந்திரியால் ஏ2 சிப்பாயைத் தின்றார். சின்னப் பிள்ளைகளுக்கே 'அதைத் தொடாதே, மந்திரி மாட்டிக்கொள்ளும்' என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆனந்தும் பி3 ஆடிக் கதவைச் சாத்தினார். கார்ல்சன் சி4 தள்ளிச் சிப்பாய்களை உடைத்து, பி1 வழியாக மந்திரியை நழுவவிட்டார். அப்புறம் ஆனந்த் பட்ட பாடுதான் ஆட்டமே. ஒரு சிப்பாய் போன நிலையில் பிடிவாதமாகத் தாங்கி, 64ஆவது மூவில் டிரா.

மதியம் 3 மணிக்கு அலுவலகத்தில் பார்க்க ஆரம்பித்தவன், வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்துதான் முடித்தேன்.