தலைப்பு எப்போது கேள்வியாகிறது?

அன்புள்ள ஐயா,

உளவியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். ‘மாணவர்களின் தூக்கத்தில் கைப்பேசியின் தாக்கம்’ என்று ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுத்தேன். “இது தலைப்பு, ஆய்வுக் கேள்வி எங்கே?” என்று வழிகாட்டி இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘கைப்பேசி மாணவர்களின் தூக்கத்தை ஏன் கெடுக்கிறது?’ என்று மாற்றிப் பார்த்தேன். அதையும் ஏற்கவில்லை. எங்கே தவறுகிறேன்?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் வழிகாட்டி சொன்னது சரி. ‘ஏன் கெடுக்கிறது’ என்று கேட்கும்போதே, கெடுக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். ‘கெடுக்கவில்லை’ என்ற பதில் வர அதில் வழியே இல்லை.

1921-இல் சி.வி. ராமன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்த காலம். ‘கடல் ஏன் நீலமாக இருக்கிறது?’ என்று யாரும் கேட்கலாம். கப்பல் தளத்தில் ராமன் கையில் எடுத்த கேள்வி அதைவிடச் சிறியது: பிரதிபலிப்பை நீக்கிவிட்டால் நீலம் மிஞ்சுமா? நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை, சரியான கோணத்தில் பார்த்தால், ஒரு திசையில் அதிர்கிற ஒளியை மட்டும் உள்ளே விடும் படிகமான நிக்கோல் பட்டகத்தைத் திருப்பியே மறைத்துவிடலாம். சட்டைப்பையில் அடங்கும் கருவி. மறைத்துப் பார்த்தார், நீலம் போகவில்லை. போயிருந்தால் ராலே சொன்னது நிலைத்திருக்கும், அதுவும் பதில்தான். அங்கே தொடங்கிய ஒளிச்சிதறல் ஆய்வு 1928-இல் ராமன் விளைவு வரை போனது.

உங்கள் கேள்விக்கு வருவோம். முதலில் ‘தாக்கம்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஆய்வேடுகளில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். யோசிக்க வேண்டிய இடத்தை அந்தச் சொல்லைப் போட்டு மூடிவிடுகிறோம். தூக்கத்தில் எதைப் பார்க்கப்போகிறீர்கள்? தூங்கும் மணிநேரத்தையா, இடையில் விழிப்பதையா, படுத்தபின் தூக்கம் வர ஆகும் நேரத்தையா? ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாணவர்கள்? எதோடு எதை ஒப்பிடுவீர்கள்?

எனக்குத் தோன்றுவது இது: ‘விடுதியில் தங்கும் முதலாண்டு மாணவர்களுக்கு, கைப்பேசி தலைமாட்டில் இருக்கும் இரவுகளுக்கும் அறைக்கு வெளியே இருக்கும் இரவுகளுக்கும் இடையே, தூங்கிய மணிநேரம் வேறுபடுகிறதா?’ அதே மாணவர்கள் ஏழு இரவு அப்படி, ஏழு இரவு இப்படி. பாதிப் பேர் வரிசையை மாற்றிச் செய்யட்டும். இல்லையென்றால் தேர்வு வாரம் ஒரு பக்கமாக விழுந்து கணக்கைக் குழப்பிவிடும். ‘குறைகிறதா’ என்று எழுதாமல் ‘வேறுபடுகிறதா’ என்று எழுதியதையும் கவனியுங்கள்.

வினாத்தாளில் ‘கைப்பேசி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறதா?’ என்று கேட்டுவிடாதீர்கள். அதில் கிடைப்பது மாணவர்களின் அபிப்பிராயம். தூக்கத்தைப் பற்றி அதிலிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்தது ஆகியவற்றைக் காலையில் எழுந்தவுடன் குறிக்கச் சொல்லுங்கள்.

வழிகாட்டியிடம் மறுபடி போகும் முன், நான்கு பேரிடம் மூன்று இரவுகளுக்கு இதைச் செய்து பாருங்கள். ஒருவர் கைப்பேசியைத்தான் அலாரமாக வைத்திருப்பார், அதை வெளியே வைக்க முடியாது என்பார். கேள்வியின் சொற்கள் மறுபடி மாறும். மாறியபின் எனக்கும் அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.