மருந்து ட்ரையல்ல (புது மருந்தை நோயாளிகளுக்குக் குடுத்துப் பாக்கற ஆராய்ச்சி) இருக்கிற பையன் மாத்திரையை விட்டுட்டா டாக்டர்கிட்ட சொல்லணுமா?

கேள்வி: பையனுக்கு 8 வயசு, என்.எஃப் 1 (நரம்புகள்ல கட்டி வர்ற மரபணு நோய்). கழுத்துல ப்ளெக்ஸிஃபார்ம் கட்டி (நரம்போட பின்னிப் பரவுற கட்டி), ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு செலுமெட்டினிப் மாதிரி ஒரு மாத்திரையோட ட்ரையல்ல சேர்த்திருக்கோம். வெறும் வயித்துல காலைலயும் சாயந்திரமும் குடுக்கணும், அடம் பிடிக்கிறான், ரெண்டு வேளை விட்டுப்போச்சு. கால் கட்டைவிரல் நகக்கண்ல சீழ் வேற. இதெல்லாம் சொன்னா ட்ரையலை விட்டு எடுத்துருவாங்க, வாயைத் திறக்காதேங்கறாங்க மாமியார். அவன்கிட்ட கட்டின்னு சொல்லலாமா, சத்து மாத்திரைன்னே ஓட்டிடலாமா?

பதில்: சொல்லிடுங்கம்மா, ரெண்டையும் சொல்லிடுங்க. முதல்ல ஒரு விஷயம், மறைக்கவும் முடியாது. மிச்ச மாத்திரையையும் காலி டப்பாவையும் திருப்பி வாங்கி எண்ணுவாங்க, மாத்திரை குடுத்ததைக் குறிக்கிற டைரியில எல்லா நாளும் டிக் போட்டுட்டு டப்பால நாலு கேப்ஸ்யூல் கூட இருந்தா அதுதான் சங்கடம். ரெண்டு வேளை விட்டதுக்காக யாரும் பிள்ளையை வெளியே அனுப்புறதில்ல. பக்கவிளைவு வந்தா கொஞ்ச நாள் நிறுத்தறது, டோஸ் குறைக்கறது எல்லாம் ட்ரையல் திட்டத்துலயே எழுதியிருப்பாங்க. அமெரிக்காவுல 50 பசங்களை வச்சு நடந்த ஸ்ப்ரிண்ட் ட்ரையலை வச்சுத்தான் 2020 ஏப்ரல்ல செலுமெட்டினிப்புக்கு அங்க அனுமதி கிடைச்சது, அதுலயே நாலுல ஒரு பங்குக்கு மேல பசங்களுக்கு டோஸ் குறைக்க வேண்டி வந்துச்சு. நீங்க சொல்லாம விட்டா கம்மி மாத்திரையில கட்டி எப்படி இருக்குன்னு பாத்துட்டு முழு டோஸோட கணக்குல எழுதிக்குவாங்க, அது உங்க பிள்ளைக்கும் கெடுதல், அப்புறம் இதே மருந்தை சாப்பிடப்போற பிள்ளைகளுக்கும் கெடுதல்.

நகக்கண்ல சீழ் இந்த வகை மருந்துல அடிக்கடி வர்றதுதான், கூடவே முகத்துல பரு மாதிரி, வறண்ட தோல், வயித்துப்போக்கு. ஊசியால குத்தி எடுக்கறது, மஞ்சள் அரைச்சுப் பூசறது வேண்டாம். தேதியோட போட்டோ எடுத்து அனுப்புங்க, நகத்தை ஓரம் தோண்டாம நேரா வெட்டுங்க, ஸ்கூல் ஷூவுக்குப் பதிலா கொஞ்ச நாள் செருப்பு போட டாக்டர் லெட்டர் கேளுங்க (நம்ம ஸ்கூல்கள்ல லெட்டர் இல்லாம நடக்காது). கஷாயம், சத்து டானிக், வைட்டமின் எது குடுத்தாலும் முதல்ல கேட்டுக்குங்க, செலுமெட்டினிப் கேப்ஸ்யூல்லயே வைட்டமின் ஈ இருக்கு. பம்ளிமாஸ் வேண்டாம்.

அடம் பிடிக்கறதுல பாதி டைம் பிரச்சனைதான்னு நினைக்கிறேன். வெறும் வயித்துலன்னா பொதுவா மாத்திரைக்கு முன்னாடி 2 மணி நேரம், பின்னாடி 1 மணி நேரம் தண்ணி தவிர எதுவும் கூடாதுன்னு இருக்கும். அப்போ காலைல 6 மணிக்கு எழுப்பி மாத்திரை, 7 மணிக்கு இட்லி. சாயந்திரம்தான் கஷ்டம், ஸ்கூல் விட்டு வந்ததும் 4 மணிக்குள்ள பிஸ்கட் பால் எல்லாம் முடிஞ்சிடணும், 6 மணிக்கு மாத்திரை, 7 மணிக்கு மேல சாப்பாடு. பெரும்பாலும் 5 மணிக்கு யாராவது ஒரு முறுக்கை கையில குடுத்துடுவாங்க, அதனால வீட்ல எல்லாருக்கும் இந்த நேரம் தெரியணும். எந்த டம்ளர்ல குடிக்கணும், யார் கையால வாங்கணும்னு அவனே சொல்லட்டும், போடலாமா வேண்டாமான்னு மட்டும் கேட்காதீங்க. வாந்தி எடுத்தா நீங்களா மறுபடி குடுக்காதீங்க, விட்டுப்போன வேளைக்காக அடுத்த தடவை ரெண்டா போடாதீங்க, போன் பண்ணிக் கேளுங்க.

சத்து மாத்திரைன்னு சொல்றது எனக்குப் பிடிக்கல. நம்ம ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) நெறிமுறைப்படி 7 வயசுக்கு மேல பிள்ளைக்கும் புரியற மாதிரி சொல்லி அவன் வாயால சம்மதம் வாங்கணும், 12 வயசுக்கு மேல எழுத்துலயே வாங்கணும். கட்டின்னே சொல்லுங்க, நீ எதுவும் தப்பு பண்ணி வரலன்னு சொல்லுங்க, இது ஒட்டாது, தம்பிகூட தாராளமா விளையாடலாம்னும் சொல்லுங்க. இன்னொரு காரணமும் இருக்கு. ஸ்ப்ரிண்ட்ல பசங்களே வலிக்கு 0ல இருந்து 10 வரைக்கும் மார்க் போட்டாங்க, ஒரு வருஷத்துல சராசரியா 2 மார்க் குறைஞ்சது, அதையும் ஒரு முக்கியமான பலனா எடுத்துக்கிட்டாங்க. எதுக்கு மாத்திரை சாப்பிடறோம்னே தெரியாத பிள்ளை வலியை எப்படி ஒழுங்கா சொல்லுவான்?

தினமும் கழுத்தைத் தடவிப் பாத்து சின்னதாச்சான்னு கேட்காதீங்க, அவனுக்கு அது ஒரு பரீட்சை மாதிரி ஆயிடும். எம்.ஆர்.ஐ.ல கட்டியோட கொள்ளளவு 20 சதவீதம் குறைஞ்சாலே மருந்து கேட்குதுன்னு கணக்கு, அந்த 50 பேர்ல மூணுல ரெண்டு பங்கு பசங்களுக்கு அப்படிக் குறைஞ்சது. முழுசா மறையும்னு எதிர்பார்க்காதீங்க.

உங்க கையில ஒரு தகவல் தாளும் நீங்க கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தோட காப்பியும் இருக்கணும், இல்லைன்னா கேட்டு வாங்குங்க, மருந்து ட்ரையலுக்கான 2019 விதிகள்படி அது உங்க உரிமை. ட்ரையலால உடம்புக்கு ஏதாவது ஆனா வைத்தியம் இலவசம், எப்ப வேணா விலகலாம், விலகினதுக்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. எத்திக்ஸ் கமிட்டி (ட்ரையல்ல இருக்கறவங்க பாதுகாப்பைக் கவனிக்கிற குழு) நம்பரும் அந்தத் தாள்லயே இருக்கும். கட்டி திடீர்னு பெருசாகுது இல்ல கல்லு மாதிரி ஆகுது, ராத்திரி தூங்க விடாத வலி, கை கால் பலமில்லாம போகுது, கண்ணு மங்குது, மூச்சு வாங்குது, சிறுநீர் கருப்பா போகுதுன்னா அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே கூப்பிடுங்க. ட்ரையல் டாக்டரோட அவசர நம்பரை மாமியார் போன்லயும் ஏத்தி வைங்க, பகல்ல பிள்ளை அவங்ககூட இருந்தா முதல்ல கவனிக்கப்போறது அவங்கதான்.