ராகி குடுத்தும் பாப்பாவுக்கு வயித்து வலி நிக்கலையா? மாவு எங்க அரைக்கறீங்கன்னு பாருங்க

பெருந்துறை பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பாப்பாவுக்கு 6 வயசு, டெஸ்ட் எல்லாம் எடுத்து சீலியாக்னு, அதாவது கோதுமைல இருக்கற குளூட்டன்ங்கற புரதம் குடல புண்ணாக்கற நோய்னு, டாக்டர் சொல்லிட்டாரு, கோதுமை, மைதா, ரவை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு, இப்ப ராகி, கம்பு, அரிசிதான், ஆனா இன்னும் வாரத்துல ரெண்டு நாள் வயிறு வலிக்குதுன்னு அழுகறா, ராகி ஒத்துக்கலையோ, கடையில விக்கற குளூட்டன் ஃப்ரீ மாவு வாங்கோணுமா, வெலை கட்டுப்படியாகலைங்க, நைட்டு சப்பாத்திக்கு பதிலா என்ன பண்றதுன்னு.

ராகி மேல பழி போடாதீங்க. குளூட்டன் இருக்கறது கோதுமை, பார்லி, ரைங்கற தானியம், இந்த மூணுலதான், ராகி, கம்பு, சோளம், தினை, சாமை, குதிரைவாலி எதுலயும் கிடையாது. ராகில 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, வளர்ற புள்ளைக்கு அத நிறுத்தவே வேண்டாம். நான் மொதல்ல கேக்கறது மாவு எங்க அரைச்சீங்கன்னுதான். மில்லுல உங்களுக்கு முன்னாடி வந்தவங்க கோதுமை அரைச்சிருப்பாங்க, அந்த மாவு கல்லுலயும் துணிப்பையிலயும் ஒட்டிட்டு இருக்கும், அடுத்து உங்க ராகி விழுந்தா அதோடயே கலந்து வந்துரும். பாக்கெட்ல குளூட்டன் ஃப்ரீன்னு போடறதுக்கு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுங்கறது எஃப்எஸ்எஸ்ஏஐங்கற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி, ஒரு கிலோ மாவுல ஒரு சிட்டிகை கோதுமை விழுந்தாலே அது தாண்டிரும். பொதுவா விக்கற ராகி மாவு பாக்கெட்டும் கோதுமை அரைக்கற அதே மெஷின்ல வந்திருக்கலாம், அதனால குளூட்டன் ஃப்ரீன்னு எழுதாத பாக்கெட்ட நம்ப வேண்டாம்.

இதுக்கு வழி நம்மகிட்டயே இருக்குங்க. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க, அந்த கிரைண்டர் உங்கூட்டுல இருக்குமில்ல, மாவா அரைக்கறத விட்டுட்டு ஊறப்போட்டு அரைங்க. முழு ராகி வாங்கி மொறத்துல போட்டு பொடைச்சு, கோதுமை மணி கலந்திருந்தா பொறுக்கி எடுத்து, நாலஞ்சு தண்ணி கழுவி, ராகி 2 டம்ளர், இட்லி அரிசி 1 டம்ளர், உளுந்து அரை டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன், ராத்திரி பூரா ஊற வெச்சு அரைச்சு பொங்கவிட்டா தோசை, குழிப்பணியாரம் ரெண்டுமே நல்லா வரும். கம்புக்கும் இதே கணக்குதான். சந்தகை இருக்கே, அரிசிய ஊறவெச்சு அரைச்சு வேகவெச்சு அப்படியே பிழியறது, மில்லு பக்கமே போக வேண்டியதில்ல, தேங்காய்ப்பாலும் நாட்டுச்சக்கரையும் ஊத்துனா வேண்டாம்னு சொல்ற புள்ளைய நான் பாத்ததில்ல. அரிசிம்பருப்பு சாதமும் ஒரு கரண்டி நெய்யும் போதும் இன்னொரு நைட்டுக்கு.

ரொட்டியே வேணும்னு அடம்பிடிச்சா நாட்டுச்சோள மாவு (கார்ன்ஃப்ளார் இல்ல) ஒரு டம்ளர், உப்பு, ஒரு ஸ்பூன் இசப்கோல் (மலச்சிக்கலுக்கு தண்ணில கலக்கிக் குடிக்கற உமி), கொதிக்கற தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி கரண்டியால கிளறி பத்து நிமிசம் மூடி வெச்சு, சூடு பொறுக்கற பதத்துல நல்லா பிசைஞ்சு வாழையிலையில தட்டுங்க. பச்சத்தண்ணில பிசைஞ்சா உடைஞ்சு போயிரும், கோதுமைல இழுத்துப் பிடிக்கறதே குளூட்டன்தான், அந்த வேலைய இங்க சுடுதண்ணியும் இசப்கோலும் பாக்குது. அந்த சோளத்தையும் வீட்டுலயே மிக்ஸில அரைச்சு சலிச்சுக்கங்க.

சல்லடைன்னதும் சொல்லிர்றேன், கோதுமை மாவு சலிச்ச சல்லடை, சப்பாத்திக்கட்டை, மரக்கரண்டி, சப்பாத்தி சுட்ட கல்லு இதெல்லாம் கழுவுனாலும் முழுசா போகாது, பாப்பாவுக்கு தனியா வெச்சிருங்க. வீட்டுல அப்பாருக்கு சுகர்னு தெனம் சப்பாத்தி போடறீங்கன்னா பாப்பா சாப்பாட்ட மொதல்ல செஞ்சு மூடி வெச்சுட்டு அப்பறம் மாவு பிசையுங்க.

அடுத்தது பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்துல நெறைய கம்பெனி மைதாவோ கோதுமை மாவோ சேக்கறாங்க, டப்பா பின்னாடி சின்ன எழுத்துல இருக்கும், அரிசி மாவு சேத்ததும் கெடைக்குது, தேடி வாங்குங்க. கடை சாம்பார் பொடியிலயும் இதே பெருங்காயம்தான் போட்டிருப்பாங்க. சத்துமாவுன்னு விக்கறதுல சம்பா கோதுமையும் பார்லியும் இருக்கும், பால்ல கலக்கற மால்ட் பவுடர் பார்லி, கோதுமைல செய்யறதுதான். புள்ளைக்கு சத்துன்னு நெனச்சு குடுக்கற இந்த ரெண்டுலதான் நெறைய பேரு மாட்டறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும். ரோட்டுக்கடை காளான்ல மைதா, பேக்கரி பப்ஸும் தேங்காய் பன்னும் வேண்டவே வேண்டாம். நோம்பிக்கு ஒப்புட்டு (போளி) சுடறப்ப அதே பூரணத்த எடுத்து பாப்பாவுக்கு அரிசிமாவு கொழுக்கட்டையா புடிச்சு குடுங்க, கச்சாயமும் அரிசியும் வெல்லமும்தான், கோதுமை, மைதா, ரவை எதுவும் சேக்காம வீட்டுல சுட்டா தாராளமா தரலாம். அமுச்சி வீட்டுக்கு அனுப்பறப்ப ஒரு பிஸ்கட்தானே என்ன ஆயிரும்னு குடுத்துருவாங்க, அவங்ககிட்ட ஒருக்கா உக்காந்து பொறுமையா சொல்லோணும், சொன்னா கேட்டுக்குவாங்க.

பள்ளிக்கூடத்துல காலை உணவு சாப்பிடறான்னா ரவை, சேமியா, கோதுமை ரவை வர்ற நாளுக்கு டீச்சர்கிட்ட எழுதிக்குடுத்துட்டு வீட்டுலயே சாப்பிட வெச்சு அனுப்புங்க.

இத்தனையும் மாத்தி மூணு நாலு வாரம் பாத்தும் வலி இருந்தா டாக்டர்கிட்ட பால பத்தி கேளுங்க. குடல் புண்ணா இருக்கற வரைக்கும் சில புள்ளைகளுக்கு பால் செரிக்காது, ஆறுனதும் சரியாயிரும், அதுவரைக்கும் தயிரு, மோரு ஒத்துக்குதான்னு பாக்கலாம்.

கூடப்பொறந்தவங்க இருந்தா அவங்களுக்கும், உங்க ரெண்டு பேருக்கும் சீலியாக் ரத்த டெஸ்ட் எடுத்துருங்க, இது குடும்பத்துல வரக்கூடியது. வீடு மொத்தமும் கோதுமைய நிறுத்தற எண்ணம் இருந்தா டெஸ்ட் எடுத்ததுக்கு அப்பறம் நிறுத்துங்க, முன்னாடியே நிறுத்திட்டா நோய் இருந்தாலும் ரிசல்ட்ல காட்டாம போயிரும்.