போர் நினைவிடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: எந்த ஊருக்குப் போனாலும் போர் நினைவிடம் ஒன்றும், குதிரை மேல் உட்கார்ந்த தளபதி சிலை ஒன்றும் பயணத் திட்டத்தில் வந்துவிடுகின்றன. போகிறோம், படம் எடுக்கிறோம், பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறோம். அங்கே எதைத்தான் பார்க்க வேண்டும்? படம் எடுப்பதே தப்பா? இன்னொன்று, என் கொள்ளுத்தாத்தா இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து இறந்தவர். அவர் பெயர் எங்காவது இருக்குமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

பெயர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் இறந்தவர்களைப் பதிவு செய்து, கல்லறைகளைப் பராமரிக்க 1917-இல் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. இன்றைக்கு அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். ஏறக்குறைய 17 லட்சம் பேரின் விவரம் அவர்களிடம் இருக்கிறது, இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். சிக்கல் எங்கே என்றால், நம் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார்கள், முருகேசன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். படை எண், படைப்பிரிவு, இறந்த ஆண்டு இவற்றில் எது கிடைத்தாலும் அதைப் போட்டுத் தேடுங்கள். பல பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும், ஆளை உறுதி செய்ய அதுதான் கை கொடுக்கும். பழைய பென்ஷன் காகிதம் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

கிடைத்ததும் வெறும் ஊர்ப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். கல்லறை என்றால் பிரிவு, வரிசை, எண் மூன்றும் வேண்டும். நினைவுச் சுவர் என்றால் எந்தப் பலகை, எந்தப் பத்தி என்று வேண்டும். உடல் கிடைக்காதவர்கள் பெயர் சுவரில்தான் இருக்கும். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச்சின்னங்களும் உண்டு. கோஹிமாவில் அப்படி ஒன்றில் 917 பேர் பெயர் இருக்கிறது. சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள சுவர்களில் 24,000-க்கும் மேல், பிரான்சின் தியெப்வாலில் 72,000-க்கும் மேல். எண் இல்லாமல் போனால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பதுதான் மிச்சம். இந்த ஆணையத்தின் கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில் நுழைவாயில் பக்கமாகச் சுவரில் சின்ன உலோகக் கதவு ஒன்று இருக்கும். உள்ளே பெயர்ப் பதிவேடும் வருகையாளர் புத்தகமும் வைத்திருப்பார்கள். நிறைய பேர் அதைக் கவனிக்காமலேயே தாண்டிப் போகிறார்கள்.

சரி, எங்கே எதைப் பார்ப்பது? சொந்தக்காரர் யாரும் இல்லாத நினைவிடத்திலும் இதையேதான் செய்யச் சொல்வேன்: ஒரே ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுவதையும் பார்க்கப் போனால் வெறும் கல்தான் தெரியும். காமன்வெல்த் கல்லறைக் கற்களில் பதவியை வைத்துப் பெரிசு சிறிசு கிடையாது, கர்னலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல்தான். கல்லின் அடியில் பாருங்கள், சிலவற்றில் குடும்பம் எழுதிக் கொடுத்த வாசகம் இருக்கும். முதல் உலகப் போர்க் கற்களில் அதற்கு 66 எழுத்துதான் அனுமதி, இடைவெளியும் சேர்த்து. 19 வயதுப் பையனைப் பற்றி 66 எழுத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நாலைந்து கல்லில் படித்தாலே போதும், அரை மணி நேரம் போனது தெரியாது.

வாஷிங்டனில் இருக்கும் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அவை அகர வரிசையில் இல்லை, இறந்த தேதி வரிசையில் இருக்கின்றன. வடிவமைத்த மாயா லின் அப்போது கல்லூரி மாணவி. ஒரே நாளில் ஒன்றாக இறந்தவர்கள் சுவரிலும் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். பெயர் வரிசை சுவரின் நடுவிலிருந்து தொடங்கி வலப்பக்கம் போய், இடது ஓரத்திலிருந்து மறுபடி நடுவுக்கு வந்து முடிகிறது. முதல் பெயரும் கடைசிப் பெயரும் சந்திக்கும் அந்த மூலையில் போய் நில்லுங்கள். இது தெரியாமல் போனால் நீளமான கறுப்புச் சுவர் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான்.

பெயர் இருப்பவர்களைப் பார்த்த பிறகு, யார் பெயர் இல்லை என்றும் கேளுங்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் கிட்டத்தட்ட 7,000 பேருக்கு அழகாகப் புல் வெட்டிய வரிசைகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை இந்தக் கைதிகளை வைத்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தவர்கள் ஆசியத் தொழிலாளிகள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்களும் அதில் ஏராளம். அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. காமன்வெல்த் ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டது: முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லி நினைவேந்தல் இல்லை, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்கள். எல்லோரும் சமம் என்று சொல்லும் கற்களுக்கு நடுவே நிற்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலைகளுக்கு வருவோம். குதிரையின் ஒரு கால் தூக்கியிருந்தால் வீரர் போரில் காயம்பட்டவர், இரண்டு கால் தூக்கியிருந்தால் போர்க்களத்தில் மாண்டவர், நான்கும் தரையில் இருந்தால் இயற்கை மரணம் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். அப்படிப் பொது விதி எதுவும் கிடையாது, சிற்பியின் விருப்பமும் உலோகத்தின் எடையும்தான் காரணம். குதிரையை விட்டுவிட்டுப் பீடத்தைப் படியுங்கள். யார் வைத்தார்கள், எந்த ஆண்டு? ஆள் இறந்த ஆண்டுக்கும் சிலை வைத்த ஆண்டுக்கும் எவ்வளவு இடைவெளி? அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது, தோற்ற தெற்குத் தரப்புத் தளபதிகளின் சிலைகளில் பெரும் பங்கு ஒரு தலைமுறைக்கும் மேல் கழித்து, கறுப்பின மக்களின் உரிமைகளைப் பறித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுந்தவை. அந்தச் சிலைகளைப் போரைப் பற்றியவை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். அகற்றிய சிலைகளையும் பார்க்கலாம். கம்யூனிச ஆட்சிக் காலத்துச் சிலைகள் பலவற்றைப் புடாபெஸ்ட்டில் நகருக்கு வெளியே ஒரு பூங்காவில் கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார்கள். நேரம் இருந்தால் தவற விடாதீர்கள்.

படம் எடுப்பது தப்பில்லை. ஆனால் கீழே உடல்கள் இருக்கும் இடமா, வெறும் சின்னமா என்று தெரிந்துகொண்டு நடந்துகொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் போஸ் கொடுத்து நிற்பது எனக்கு ஒப்பாது. ஐரோப்பாவில் கொல்லப்பட்ட யூதர்களுக்காகப் பெர்லினில் உள்ள நினைவிடத்தில் 2,711 கான்கிரீட் கட்டைகள் இருக்கின்றன. அடியில் உடல் எதுவும் இல்லை, நடுவே நடந்து போகலாம், ஆனால் கட்டை மேல் ஏறிக் குதித்துப் படம் போட்டவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அங்கே நிலத்துக்கு அடியில் தகவல் மையம் ஒன்று இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் தெரியாத வீரரின் கல்லறையைக் காக்கும் சிப்பாய் 21 காலடி நடந்து 21 விநாடி நிற்பார். வேடிக்கை பார்ப்பவர்கள் சத்தம் போட்டாலோ கயிற்றைத் தாண்டினாலோ நின்று அதட்டுவார், அது நாடகம் இல்லை. ட்ரோன் பறக்கவிடுவதற்கு முன் அந்த இடத்து விதியைப் பாருங்கள். பழைய போர்க்களம் என்றால் வேலி போட்ட புல்வெளிக்குள் கால் வைக்கவே வேண்டாம். பிரான்சின் விமி மேட்டில் வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடப்பதால் புல்லை ஆடுகள்தான் மேய்கின்றன. தரையில் துருப்பிடித்த இரும்பு கிடந்தால் ஞாபகப் பொருள் என்று எடுத்துப் பைக்குள் போடாதீர்கள்.

நேரம் பார்த்துப் போவதும் முக்கியம். பெல்ஜியத்தின் ஈப்ரில் உள்ள முதல் உலகப் போர் நினைவு வளைவான மெனின் வாயிலில் 1920-களின் கடைசியிலிருந்து தினமும் இரவு 8 மணிக்கு பியூகிள் ஊதுகிறார்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது நின்றது, 1944-இல் ஊர் விடுபட்ட அன்று மாலையே மறுபடி தொடங்கிவிட்டது. துருக்கியின் கலிபோலியில் ஏப்ரல் 25, ஹிரோஷிமாவில் ஆகஸ்ட் 6 மாதிரி நினைவு நாட்களில் கூட்டம் நெரியும். நானாக இருந்தால் அதற்கு அடுத்த நாள்தான் போவேன். பல இடங்களில் மலர்வளையங்கள் அப்படியே இருக்கும், அதில் செருகிய அட்டைகளை நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் கிடைத்தால், அந்தப் பலகையின் எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வாருங்கள். பெயரில் பிழை இருந்தால் ஆவணச் சான்றோடு ஆணையத்துக்கு எழுதலாம், சான்று சரியாக இருந்தால் திருத்துவார்கள்.