சனிக்கிழமை போட்ட பைலட் படம்: கேட்டீங்க, சொல்றேன்

சுங்கைப்பட்டாணி மன்றத்துல போன வாரம் போட்டது 1957ல மேற்கு ஜெர்மனியில எடுத்த 'ஆப்பிரிக்காவின் நட்சத்திரம்', ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனிக்காகப் பறந்த ஹான்ஸ் யோவாகிம் மார்சேய்ங்கிற சண்டை விமானி கதை. பட்டர்வொர்த்ல எஃப்-5 போர் விமானத்து எஞ்சின் கழட்டி மாட்டுன ஆளாச்சேன்னு கேள்விய எல்லாம் என் தலையில கட்டிட்டாங்க. சரி லா.

கே (பீடோங்): 158 விமானத்த நெஜமாவே சுட்டாரா அங்கிள்?

158 சுட்டாருன்னு எழுதாத தம்பி, 158ன்னு கணக்கு குடுத்தாங்கன்னு எழுது. பைலட் எறங்கி வந்து சொல்வான், கூடப் பறந்தவன் ஆமாம்பான், பதிஞ்சுருவாங்க. அந்தப் பக்கம் எத்தன விமானம் திரும்பலங்கிறது வேற நோட்டு, எந்த நாட்டுலயும் ரெண்டு நோட்டும் லேசுல ஒத்துப்போகாது. பொய்னு சொல்லல, புகைய விட்டுக்கிட்டு கீழ பாயுறதெல்லாம் விழுந்துடாது, ஒரே விமானத்த ரெண்டு பேர் அடிச்சிட்டு ரெண்டு பேரும் எழுதிக்குவாங்க. 1942 செப்டம்பர் 1ஆம் தேதி ஒரே நாள்ல 17ன்னு குடுத்தாரு, அதுல எத்தன சரின்னு இன்னமும் அடிச்சிக்கிறாங்க. ஆனா கெட்டிக்காரன், அதுல சந்தேகமே இல்ல.

கே (கூலிம்): படத்துல சும்மா திரும்பித் திரும்பியே சுடுறாரே, அப்படி முடியுமா?

முடியும், அதான் அவரோட வித்தையே. ஓடுற கோழிய அடிக்க அது முன்னாடி கல்ல விடுவோம்ல, அதேதான், ஆனா ரெண்டு விமானமும் வளைஞ்சுக்கிட்டே பறக்கும். எதிரிங்க ஒருத்தன் வாலுக்கு ஒருத்தன் காவலா வட்டம் கட்டுவாங்க, இவரு வேகத்தக் கொறச்சு வட்டத்துக்குள்ளயே பூந்துருவாரு. மத்தவன் செஞ்சா செத்தான்.

கே: ஹீரோயின் யாரு?

மரியான் கோக். பின்னாடி நடிப்ப விட்டுட்டு டாக்டராயிட்டாங்க. உருப்படியான முடிவு.

கே (பாடாங் செராய்): கடைசியில எந்த எதிரி அவர சுட்டான்?

யாரும் சுடல. நான் காத்துக்கிட்டு இருந்த கேள்வி இதான். 1942 செப்டம்பர் 30, மெஸ்ஸர்ஷ்மிட் 109ங்கிற சண்டை விமானத்துல பழைய எஃப் மாடல விட மனசில்லாம புது ஜி-2ல ஏறிப் போனாரு. குண்டு போடுற விமானங்களுக்குக் காவலாப் போயிட்டுத் திரும்புற வழியில எஞ்சின் கோளாறு, காக்பிட் பூரா புகை, கண்ணு தெரியல, கூட வந்தவங்க ரேடியோவுல வழி சொல்லிச் சொல்லி எகிப்துல ஜெர்மன்காரங்க கையில இருந்த பகுதி வரைக்கும் கூட்டியாந்துட்டாங்க. தலைகீழாத் திருப்பிக் குதிச்சப்ப வாலு நெஞ்சுல அடிச்சு, பாராசூட் விரியவே இல்ல. வயசு 22. அப்பேர்ப்பட்ட பைலட்ட ஒரு எஞ்சின் கொன்னுச்சு, ஆனா இந்த மாதிரி படங்கள்ல மெக்கானிக்குன்னா கைய ஆட்டி வழியனுப்ப மட்டும்தான். பாலைவன மணலு எஞ்சினுக்குள்ள போனா என்னாகும்னு ஒருத்தனாவது காட்டுனானா? ராத்திரி பூரா ஸ்பேனரோட கெடந்தவனுக்குத்தான் அந்தக் கடுப்பு தெரியும்.

கே: விமானமெல்லாம் ஒரிஜினலா?

ஸ்பெயின்ல செஞ்ச 109. உடம்பு அதேதான், எஞ்சின் ஜெர்மன் எஞ்சின் கெடையாது.

கே (தாமான்ல இருந்து): நம்ம ஊருக்கு வந்த ஜப்பான் சண்டை விமானம் ஜீரோ இத விட பெட்டர்தானே? தாத்தா 1941ல பாத்திருக்காரு.

தாத்தா பாத்தது பெரும்பாலும் ஜீரோ இல்ல லா. ஜீரோ ஜப்பான் கடற்படையோடது, மலாயாவுல கொஞ்சம்தான் வந்துச்சு. இங்க அதிகமா பறந்தது தரைப்படையோட கி-43 ஹயபூசாவும், சக்கரம் உள்ள மடங்காத கி-27ம்.

கே (அதே தம்பி): தாத்தா பொய் சொல்றாருங்கிறீங்களா?

ஐயோ, தாத்தாவ யாருப்பா சொன்னது? வெள்ளக்கார பைலட்டுங்களே எல்லாத்தயும் ஜீரோன்னுதான் ரிப்போர்ட் எழுதுனாங்க. ஒண்ணு கேட்டுப் பாரு, சக்கரம் தொங்குச்சா தொங்கலயா? தொங்குச்சுன்னா கி-27.

கே (கூலிம், மறுபடி): குவாந்தான் பக்கம் கடல்ல ரெண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல மூழ்கடிச்சது ஜீரோதானே?

இல்ல! டிசம்பர் 10, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ், ரெண்டயும் மூழ்கடிச்சது இந்தோசீனாவுல இருந்து வந்த கடற்படை குண்டுவீச்சு விமானங்க. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே, 8ஆம் தேதி காலையில, நம்ம சுங்கைப்பட்டாணி விமானத் தளத்துலயே குண்டு விழுந்துச்சு. இங்க நின்னது ஆஸ்திரேலியாக்காரனோட பஃபலோ, கனமான விமானம், ஏற முக்கும். அதப் பத்தி யாராவது கேப்பீங்கன்னு பாத்தா ஜீரோ ஜீரோன்னு...

கே (அதே தம்பி): தாத்தா சக்கரம் தொங்கலன்னு சொல்றாரு. அப்ப ஜீரோ.

ஹயபூசாவுக்கும் சக்கரம் மடங்கும். போதும்பா.

கே (ஒரு டீச்சர்): நாஜி படையில இருந்தவர இவ்வளவு நல்லவரா காட்டலாமா?

நல்ல கேள்விங்க டீச்சர். மேற்கு ஜெர்மனி புது விமானப்படை ஆரம்பிச்சது 1956, படம் அடுத்த வருஷம். பறக்குற பையன் சுத்தம், மேல இருக்கிறவன்தான் கெட்டவன்னு காட்டுனா எல்லாருக்கும் வசதி. அத மனசுல வச்சுக்கிட்டு பாக்கணும்.

கே: நம்ம ஆளுங்க யாரும் இல்லையா?

இந்திர லால் ராய், கல்கத்தா. முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் படைக்காகப் பறந்து, 1918 ஜூலையில ரெண்டு வாரத்துக்குள்ள 10 வெற்றி, அதுவும் கணக்கு குடுத்ததுதான். ஜூலை 22 செத்தப்ப வயசு 19. இவர வச்சு ஒரு படம் எடுங்கடான்னா கேக்க ஆளில்ல.

கே: அங்கிள், 158ம் நெஜமா?

மொத கேள்விய படிங்க.

கே: அடுத்த படம் என்ன?

மன்றத்துல கேளுங்க, ப்ரொஜெக்டர் என் வீட்டுல இல்ல.