8 மில்லி காயும் 32 இன்ச் மானிட்டரும்

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூரில் வீட்டிலிருந்தபடியே, மலைக்கு மேலே கேரளத்தில் இருக்கும் குமுளி, வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய் வியாபாரிகள் நாலு பேருக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி, எக்ஸெல், ஜிஎஸ்டி தளம் மூன்றும் எந்நேரமும் திறந்திருக்கும். 15.6 இன்ச் லேப்டாப்பும் 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்றும் இருக்கின்றன. மேசை 4 அடி நீளம், 2 அடி அகலம். வயது 47, வெள்ளெழுத்து வந்து புரோகிரஸிவ் கண்ணாடி போட்டிருக்கிறேன். இருப்பதை விற்றுவிட்டு 32 இன்ச்சில் இரண்டு வாங்கலாமா, இல்லை 27 இரண்டு போதுமா? கடைக்காரர் ஒருவர், “32 இன்ச் டிவியே வாங்கிப் போடுங்க சார், காசு மிச்சம்” என்கிறார்.

பதில்: 8 மில்லி போல்டு, அதாவது 8 மில்லிமீட்டர் பருமனுள்ள பெரிய ஏலக்காய் என்று ஒருவர் சொன்ன உடனே உங்கள் வியாபாரிகள் விலை பேசிவிடுவார்களா? லிட்டர் வெயிட், அதாவது ஒரு லிட்டர் அளவுக் காயின் எடை என்ன என்று கேட்பார்கள். பார்க்கக் காய் பெரிதாக இருக்கும், உள்ளே அரிசி (விதை) இருக்காது. மானிட்டரில் இன்ச் என்பது அந்த மில்லி கணக்குதான். லிட்டர் வெயிட் மாதிரி பார்க்க வேண்டியது, ஒரு இன்ச் நீளத்துக்குள் எத்தனை பிக்சல், அதாவது படத்தை உண்டாக்கும் புள்ளி, இருக்கிறது என்பது.

கடைக்காரர் சொல்லும் டிவியை முதலில் முடித்துவிடுவோம். 32 இன்ச் டிவிகளில் நிறைய 1366×768 பிக்சல்தான். இன்ச்சுக்கு வெறும் 50. எட்டடி தள்ளி உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க அது போதும், முகத்துக்கு நேரே வைத்து லெட்ஜர் பார்க்க ஆகாது. அதோடு பல டிவிகள், கணினியிலிருந்து வரும் படத்தின் நிற விவரத்தைக் குறைத்துத்தான் காட்டும். எக்ஸெல்லில் சிவப்பில் போட்ட எண்களின் ஓரம் கசிந்தது போலத் தெரியும். வேண்டாம்.

உங்களிடம் இருக்கும் 24 இன்ச் ஃபுல் எச்டியில் (1920×1080) இன்ச்சுக்கு ஏறக்குறைய 93 பிக்சல். இதே ஃபுல் எச்டியை 27 இன்ச்சில் வாங்கினால் 82 ஆகிவிடும், 32 இன்ச்சில் 70. சில வருடம் முன்பு சிக்கனம் பார்த்து 27 இன்ச் ஃபுல் எச்டி ஒன்றை வாங்கி நானே மாட்டிக்கொண்டேன். சின்ன எழுத்தில் தமிழ் பில் வந்தால் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா என்று மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. மலையாளக் கூட்டெழுத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், கறுப்புக் கட்டியாகத் தெரியும். இப்போது அதில் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிறார்கள்.

27 இன்ச் வாங்குவதென்றால் கியூஎச்டி, அதாவது 2560×1440 இருக்க வேண்டும். சில கடைகளில் 2கே என்பார்கள். அதில் இன்ச்சுக்கு 109. நல்ல கூர்மை, ஆனால் எழுத்து உங்கள் 24-ல் இருப்பதைவிடச் சின்னதாகத் தெரியும். அதே கியூஎச்டி 32 இன்ச்சில் வந்தால் எவ்வளவு தெரியுமா? 93. உங்கள் பழைய 24 மாதிரியே. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எழுத்து ஒரே அளவில் தெரியும், ஒரு விண்டோவை இங்கிருந்து அங்கே இழுத்தால் பெருக்கவும் செய்யாது, சிறுக்கவும் செய்யாது. 24-ஐ விற்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, மேசைக்கு வருவோம். உங்கள் மேசை 122 செ.மீ. நீளம். 32 என்று விற்பது பெரும்பாலும் 31.5 இன்ச். திரை மட்டும் 70 செ.மீ. அகலம், 39 உயரம். இரண்டு வைத்தால் 140, மேசையைத் தாண்டி ஆளுக்கு ஒரு பக்கம் தொங்கும். 27 இரண்டு வைத்தால் திரை மட்டும் 120, விளிம்பையும் சேர்த்தால் பில் கட்டு வைக்கக்கூட இடம் மிஞ்சாது. இன்னொன்று, ஒரே அளவில் இரண்டு வைத்தால் நடுவில் இருக்கும் கோடு நேராக உங்கள் மூக்குக்கு எதிரே வரும். நாள் முழுக்கக் கழுத்து ஏதாவது ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். பெரும்பாலான நேரம் ஒரே திரையைப் பார்த்து வேலை செய்கிறவருக்கு இது சரிப்படாது.

உங்களுக்கு நான் சொல்வது: 32 இன்ச் கியூஎச்டி ஒன்றே ஒன்று வாங்கி நேர் எதிரே வையுங்கள். பழைய 24-ஐ அதன் இடப்பக்கம் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரு ஏ4 தாளை எடுத்து 24-ன் திரை மேல் நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். திரையின் உயரமும் தாளின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று, 29.6 செ.மீ., 29.7 செ.மீ. மானிட்டரைத் திருப்பி நிறுத்தினால் அதுவே அகலமாகிவிடும். ஒரு பில்லின் முழுப் பக்கம் நிஜ அளவில் தெரிந்து, மேலும் கீழும் இடம் மிஞ்சும். இன்வாய்ஸ் பிடிஎஃப் அங்கே, பதிவு இங்கே. இரண்டும் சேர்ந்து 100 செ.மீ. சொச்சம்தான், மீதி இடத்தில் லேப்டாப்பை மூடி நிமிர்த்தி வைக்கலாம். திருப்பி நிறுத்தினால் சில பழைய பேனல்களில் நிறம் வெளுத்துத் தெரியும். வீட்டில் இருப்பதைக் கையில் தூக்கிப் பிடித்து முதலில் சோதித்துவிடுங்கள், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைப் பேனல் என்றால் கவலையில்லை.

எக்ஸெல்லில் ஒரு வரிசையின் வழக்கமான உயரம் 20 பிக்சல், பத்தியின் அகலம் 64. ஃபுல் எச்டியிலிருந்து கியூஎச்டிக்குப் போனால் உயரத்தில் 360, அகலத்தில் 640 பிக்சல் கூடுகிறது. அதாவது எழுத்தைச் சிறிதாக்காமலே 18 வரிசையும் 10 பத்தியும் கூடுதலாகக் கண்ணில் படும். ஏலத் தேதி, லாட் எண், கிலோ, விலை, வரி என்று நீளும் உங்கள் தாள் பக்கவாட்டில் தள்ளாமலே தெரியும். 4கே (3840×2160) வேண்டாமா என்றால், 32 இன்ச்சில் அது இன்ச்சுக்கு 140 பிக்சல். எழுத்தை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கித்தான் படிக்க முடியும், அப்போது கிடைக்கும் இடம் கியூஎச்டி அளவுதான். காசுக்குக் கூர்மை கிடைக்கும், இடம் கிடைக்காது.

வெள்ளெழுத்துதான் எனக்குக் கவலை. புரோகிரஸிவ் கண்ணாடியில் படிக்கும் பகுதி கீழே இருக்கிறது, கை தூரத்துக்கான நடுப்பகுதி குறுகல். திரை உயரமாக இருந்தால் தாடையைத் தூக்கி, கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பீர்கள். சாயங்காலம் பிடரி கனக்கும். அதனால் 32-ன் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். அப்படியென்றால் அடி விளிம்பு மேசையை ஏறக்குறையத் தொட வேண்டும். கூட வரும் ஸ்டாண்டுகள் அவ்வளவு இறங்குவதில்லை, தவிர ஆழத்தில் இருபது செ.மீ. இடத்தைத் தின்றுவிடும். 2 அடி மேசையில் அதைக் கொடுக்க முடியாது. மானிட்டர் ஆர்ம், அதாவது மானிட்டரைத் தாங்கிப் பிடிக்கும் மடக்குக் கை ஒன்றை வாங்கி மேசையின் பின் விளிம்பில் கவ்விப் பொருத்துங்கள். மானிட்டரின் முதுகில் 100×100 மில்லிமீட்டர் தூரத்தில் நாலு திருகுத் துளை இருக்கிறதா, ஸ்டாண்ட் இல்லாத எடையை ஆர்ம் தாங்குமா என்று இரண்டையும் பாருங்கள். மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்துவிட்டால் ஆர்மின் முழங்கை பின்னால் மடங்கிக்கொள்ளும். திரை கண்ணிலிருந்து 65 செ.மீ. தூரம் போகும். மேசை பார்ட்டிகிள் போர்டு என்றால் கவ்வும் இடத்தில் மேலும் கீழும் ஒரு துண்டு பிளைவுட் வைத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் உள்ளே அமுங்கிவிடும். கண்ணாடி மேசையாக இருந்தால் ஆர்ம் பக்கமே போகாதீர்கள். அடுத்த முறை கண் பரிசோதனைக்குப் போகும்போது இந்த 65 செ.மீ. கணக்கைச் சொல்லி, கணினிக்கென்றே தனிக் கண்ணாடி கேளுங்கள்.

வயர் விஷயம். லேப்டாப்பில் உள்ள எச்டிஎம்ஐ பழைய 1.4 ஆக இருந்தாலும் கியூஎச்டியை 60 ஹெர்ட்ஸில் ஓட்டும், அதை 32-க்குக் கொடுங்கள். இன்னொன்றுக்கு டைப்-சி. எல்லா டைப்-சியிலும் படம் வராது, சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான். உங்கள் மாடலின் விவரத்தில் டிஸ்பிளேபோர்ட் என்ற சொல் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாதாரண யுஎஸ்பி வழியாகவே படத்தை அனுப்பும் டிஸ்பிளேலிங்க் வகை அடாப்டர் போதும், பில் பார்க்கத்தானே. பொருத்தியபின் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் இரண்டு பெட்டிகள் தெரியும். அவற்றை மேசையில் நிற்பது போலவே இழுத்து வையுங்கள். செங்குத்துத் திரை 1920 பிக்சல் உயரம், 32 இன்ச் 1440. சரியாக வைக்காவிட்டால் மவுஸ் போகிற வழியில் முட்டி நிற்கும்.

வரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வதா? 32 இன்ச்சுக்கு மேற்பட்ட மானிட்டருக்கு இருந்த 28 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. மலைக்கு மேலே வாங்கினாலும் கீழே வாங்கினாலும் வரி ஒன்றுதான். சர்வீஸ் எங்கே பக்கம் என்று மட்டும் பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை. பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து 71-க்கு 41 செ.மீ. வெட்டி, ஆர்ம் நிற்கும் இடத்தில் மேசை மட்டத்திலிருந்து நிமிர்த்திக் கட்டுங்கள். நாலு மூலையிலும் ஒவ்வொரு பழைய பில்லை ஒட்டி, கண்ணாடியோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் மாறி மாறிப் படியுங்கள். மேல் மூலைக்குத் தாடை தூக்கினால், அல்லது ஓரத்துக்குத் தோளே திரும்பினால், 32-ஐ விட்டுவிட்டு 27 கியூஎச்டி ஒன்று வாங்கி 125 சதவீதத்தில் ஓட்டுங்கள். எழுத்து 24-ல் இருப்பதைவிடச் சற்றே பெரிதாக வரும். கூடுதல் இடம் கொஞ்சம்தான் கிடைக்கும்.